கழுத்துக் குழாயும் குளிர்காய்ச்சலும்



எங்கள் வீதியில் ஒரு மாமி இருந்தார். வயது அறுபதைத் தாண்டவில்லை. இருபது வருடமாக உடலோடு ஒட்டியிருந்த சீனி வருத்தம் இரண்டு சிறுநீரகங்களையும் பழுதாக்கிவிட்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பெரியாஸ்பத்திரிக்குப் போய் டயலிசிஸ் செய்துகொண்டு வருவார். அதற்காக அவரது கழுத்தில் ஒரு குழாய் பொருத்தப்பட்டிருந்தது. முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டு, வருவோர் போவோருடன் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை டயலிசிஸ் முடிந்து வீடு வந்தவருக்கு மஃரிபுக்குப் பின் உடல் உதறத் தொடங்கியது. பல்லோடு பல் அடிக்க நடுங்கினார். மருமகள் இரண்டு போர்வைகளால் போர்த்திவிட்டு, இரண்டு பனடோலும் அரைக் கோப்பை கொத்தமல்லித் தண்ணீரும் கொடுத்தாள். நள்ளிரவில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. "ஆஸ்பத்திரி ஏசிக் குளிர் பிடித்திருக்கும்" என்று வீட்டார் சமாதானம் அடைந்தார்கள். சனிக்கிழமை மாமி கஞ்சி குடித்தார். ஞாயிறு மாலை மீண்டும் அதே நடுக்கம், மீண்டும் பனடோல். "நாளன்றைக்குச் செவ்வாய் எப்படியும் போகத்தானே வேணும், அங்கேயே சொல்லுவோம்" என்றார்கள். செவ்வாய் காலையில் மாமிக்குப் பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை.

குழாய் வழியாக நுழைந்த கிருமி இரத்தமெங்கும் பரவி, இதய வால்விலும் பற்றிவிட்டது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். மூன்று வாரங்கள் போராடிய பின் மாமி மவுத்தானார்.

கத்தம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அடுப்படியில் வைத்து அந்த மருமகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "வெள்ளிக்கிழம இரவே கொண்டு போயிருந்தா மாமி தப்பியிருப்பாவா, ராத்தா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரவு பகலாக மாமியைப் பார்த்தவள் அவள்தான். அவள் செய்ததில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் கழுத்தில் குழாய் உள்ளவருக்கு வரும் குளிர்காய்ச்சல் மற்றவர்களுக்கு வரும் காய்ச்சலைப் போன்றதல்ல என்ற ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்காகவே வைத்தியர்களிடமும் டயலிசிஸ் பிரிவுத் தாதியரிடமும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இம்மாதம் உங்களுக்காக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் டயலிசிஸ் செய்யும் ஒருவர் இல்லாவிட்டாலும் வாசித்து வையுங்கள். சீனியும் பிரஷரும் இல்லாத குடும்பம் இன்று நம்மிடையே எத்தனை?

குழாய் எதற்காக?

சிறுநீரகங்கள் இரவும் பகலும் ஓய்வின்றி நமது இரத்தத்திலுள்ள கழிவுகளையும் மிகுதியான நீரையும் பிரித்து வெளியேற்றுகின்றன. அவை முற்றாகச் செயலிழந்தால், அந்த வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. இரத்தம் உடலிலிருந்து வெளியே வந்து, இயந்திரத்தின் வடிகட்டி வழியாகச் சென்று, சுத்தமாகி மீண்டும் உடலுக்குள் போகிறது. ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணித்தியாலம் எடுக்கும்.

இதற்கு நிமிடத்துக்கு 200 முதல் 400 மில்லிலீற்றர் வரை இரத்தம் ஓட வேண்டும். சேலைன் ஏற்றுவதற்காகக் கையில் குத்தும் சிறு கெனுலா இதற்குப் போதாது. ஆகவே, இரத்தம் வேகமாக ஓடும் ஒரு பாதை தேவைப்படுகிறது. அந்தப் பாதையை மூன்று விதமாக அமைக்கிறார்கள்.

முதலாவது, பிஸ்டியூலா. கையிலுள்ள ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் சிறு சத்திரசிகிச்சை மூலம் இணைத்துவிடுவது. நாடியின் வேகமான இரத்தம் நாளத்துக்குள் பாய, சில வாரங்களில் அந்த நாளம் பெருத்துத் தடித்து ஊசி போடுவதற்கு ஏற்றதாகிறது. இரண்டாவது, கிராஃப்ட். சொந்த நாளங்கள் போதாதவர்களுக்கு நாடிக்கும் நாளத்துக்கும் இடையில் தோலின் கீழே ஒரு செயற்கைக் குழாயை வைத்து இணைப்பது. மூன்றாவது, கதீற்றர். கழுத்து நாளத்தினூடாக, பெரும்பாலும் வலது பக்கத்தில், ஒரு மென்மையான குழாயைச் செலுத்துவது. அதன் உள்முனை இதயத்தின் வாசலருகே போய் நிற்கும். வெளிமுனையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு வால்கள் தொங்கும். ஒன்றால் இரத்தம் வெளியே வரும், மற்றதால் உள்ளே போகும்.

கதீற்றரிலும் இரண்டு வகை உண்டு. அவசரத்துக்குப் போடுவது கழுத்துத் தோலிலிருந்து நேராக நாளத்துக்குள் செல்லும். அதை இரண்டு வாரங்களுக்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல என்பது வைத்தியர்களின் கருத்து. நீண்ட நாட்களுக்குப் போடுவது நெஞ்சின் தோலுக்குக் கீழே சிறிது தூரம் சுரங்கம் போல ஓடி, அதன் பிறகே நாளத்துக்குள் நுழையும். தோலுக்குள் இருக்கும் பகுதியில் துணி போன்ற ஒரு வளையம் இருக்கும். சில வாரங்களில் சதை அதனோடு ஒட்டி வளர்ந்து குழாயைப் பிடித்துக்கொள்வதோடு, வெளியிலிருந்து வரும் கிருமிக்கும் ஒரு தடையாகிறது. ஆனாலும் அது முழுமையான தடையல்ல.

தோலைக் கடந்து நிற்கும் குழாயால் வரும் தொல்லை புதியதொன்றல்ல. நெதர்லாந்தின் கம்பன் நகரில் 1943ஆம் ஆண்டு வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர் தான் அமைத்த செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக் குழாயை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், நீண்ட காலத்துக்கு யாருக்கும் டயலிசிஸ் செய்ய முடியவில்லை. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர் நோயாளியின் கையில் டெஃப்லோன் குழாயொன்றை நிரந்தரமாகப் பொருத்தினார். அவரது முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் அதன் பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும் அந்தக் குழாய்களிலும் கிருமி தொற்றுவதும் இரத்தம் உறைவதும் ஓயவில்லை. 1966இல் நியூயோர்க்கைச் சேர்ந்த பிரேசியா, சிமினோ ஆகியோரின் குழு, பிளாஸ்டிக் எதுவுமின்றி நோயாளியின் சொந்த நாடியையும் நாளத்தையும் இணைக்கும் முறையை வெளியிட்டது. அதுவே நான் மேலே சொன்ன பிஸ்டியூலா. இன்று வரை கிருமித் தொற்று மிகக் குறைந்த பாதை அதுதான்.

கிருமி எப்படி நுழைகிறது?

அல்லாஹ் நமக்கு அளித்த தோல் ஒரு கோட்டைச் சுவர். அதன் மேற்பரப்பிலும் மூக்கினுள்ளும் எந்நேரமும் கிருமிகள் குடியிருக்கின்றன. சுவர் முழுமையாக இருக்கும்வரை அவற்றால் தீங்கில்லை. கதீற்றரோ அந்தச் சுவரில் ஒரு வாசலைத் திறந்து, இதயத்தின் அருகே வரை பாதை போட்டுக் கொடுக்கிறது.

பெரும்பாலும் இரண்டு வழிகளால் கிருமி நுழைகிறது. ஒன்று, குழாய் தோலிலிருந்து வெளியே வரும் துவாரம். அந்த இடம் ஈரமாகவோ அழுக்காகவோ இருந்தால், தோலிலுள்ள கிருமி குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கும். மற்றது, குழாயின் மூடிகள். ஒவ்வொரு டயலிசிசின்போதும் மூடியைக் கழற்றி இயந்திரத்தோடு இணைக்கிறார்கள். அந்தச் சில விநாடிகளில் சுத்தமற்ற ஒரு விரலோ, முகக்கவசமில்லாத ஓர் இருமலோ போதும். கிருமி குழாயின் உட்புறத்துக்குப் போய்விடும்.

உள்ளே போன கிருமி சும்மா இருப்பதில்லை. குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பிசின் போன்ற ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கிணற்றுச் சுவரில் படியும் வழுக்குப் பாசியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் ஊடுருவாது. டயலிசிஸ் தொடங்கி இரத்தம் குழாய் வழியே வேகமாகப் பாயும்போது, கிருமிகள் கழன்று நேராக இரத்தத்தில் கலக்கின்றன. டயலிசிஸ் நடக்கும்போதோ அது முடிந்த சில மணி நேரத்திலோ நோயாளிக்கு உதறல் எடுப்பதன் இரகசியம் இதுதான். ஏசிக் குளிர் என்று நாம் நினைப்பது பல வேளைகளில் இதைத்தான்.

ஆபத்தின் அளவைச் சொல்ல அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு நிலையங்கள் 2023இல் வெளியிட்ட தகவல் ஒன்றைத் தருகிறேன். ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியா இரத்தத்தில் தொற்றும் அபாயம், டயலிசிஸ் செய்யாதவர்களைவிட டயலிசிஸ் நோயாளிகளுக்கு 100 மடங்கு அதிகமாக இருந்தது. பிஸ்டியூலா உள்ளவர்களோடு ஒப்பிட்டால் கதீற்றர் உள்ளவர்களுக்கு அந்த அபாயம் 6 மடங்கு. அதே அறிக்கையில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2014க்கும் 2019க்கும் இடையில் அந்நாட்டு டயலிசிஸ் நோயாளிகளின் இரத்தத் தொற்று சுமார் 40 வீதம் குறைந்திருக்கிறது. கை கழுவுதல், குழாயைச் சரியாகச் சுத்தம் செய்தல், கதீற்றரைக் குறைத்துப் பிஸ்டியூலாவைக் கூட்டுதல் போன்ற எளிய காரியங்கள் இதற்கு உதவின. ஆகவே இது தடுக்கக்கூடிய ஆபத்து.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கதீற்றர் உள்ள ஒருவர் உங்கள் பராமரிப்பில் இருந்தால், கீழ்வருவனவற்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் 100 பாகை பரனைற்றோ அதற்கு மேலோ இருப்பது. நடுக்கத்தோடு குளிர்வது, அது ஒரு தடவை மட்டுமே வந்து போனாலும்கூட. குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்பு, வீக்கம், வலி, சீழ் அல்லது கசிவு. வழமைக்கு மாறான சோர்வு, தலைச்சுற்று, மூச்சு வாங்குதல், பிரஷர் இறங்குதல். முன்பில்லாத கடும் முதுகுவலி அல்லது மூட்டுவலி. வயதானவர்கள் திடீரெனப் பிதற்றுவது, ஆளை மறப்பது, சாப்பிட மறுப்பது.

ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். சீனி வருத்தக்காரருக்கும் முதியவர்களுக்கும் கிருமி இரத்தத்தில் இருக்கும்போதும் காய்ச்சல் பெரிதாக ஏறாமல் இருக்கலாம். குழாயின் துவாரம் வெளியே பார்க்கச் சுத்தமாகவே இருக்கவும் கூடும். "புண் நல்லாத்தானே இருக்கு, காய்ச்சலும் பெரிசா இல்லையே" என்று ஏமாந்துவிடாதீர்கள்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

அந்த மணித்தியாலமே டயலிசிஸ் செய்யும் வைத்தியசாலைக்குப் போங்கள். அது தூரமென்றால் அருகிலுள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அடுத்த டயலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவென்றும் பெருநாளென்றும் பார்க்கக் கூடாது. வாகன வசதி இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும். வாசலில் நிற்கும் வைத்தியரிடமோ தாதியிடமோ முதலில் சொல்ல வேண்டியது இந்த ஒரு வாக்கியம்: "இவர் டயலிசிஸ் நோயாளி, கழுத்தில் குழாய் இருக்கிறது, குளிர்காய்ச்சல் வந்திருக்கிறது." இதைக் கேட்டதும் அவர்களுக்கு விஷயம் விளங்கிவிடும். டயலிசிஸ் கொப்பியையும் குடிக்கும் மருந்துகளையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

பனடோல் கொடுப்பதால் கிருமி சாகாது. காய்ச்சல் மறைந்துவிடும், அவ்வளவுதான். காய்ச்சல் மறைந்ததும் நாமும் நிம்மதியாகப் படுத்துவிடுகிறோம், கிருமியோ விழித்திருந்து தன் வேலையைச் செய்கிறது. போகும் வழியில் வேதனை தாங்காமல் ஒன்று கொடுத்துவிட்டால் பரவாயில்லை. அதைக் கொடுத்துவிட்டுப் போகாமலிருப்பதுதான் தவறு.

டிஸ்பென்சரியில் இரண்டு நாளைக்கு அன்டிபயோடிக் குளிசை வாங்கிக் கொடுத்துப் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலையில் முதலில் செய்வது, இரத்தத்தை எடுத்து அதில் எந்தக் கிருமி வளர்கிறதென்று பார்க்கும் சோதனை. கண்டபடி குளிசை கொடுத்துவிட்டுப் போனால், கிருமி பாதி அடங்கிச் சோதனையில் பிடிபடாமல் போகலாம். அப்புறம் எந்த மருந்து சரியானதென்று வைத்தியரும் இருட்டில் தேட வேண்டியதாகிவிடும்.

சோதனைக்கு இரத்தம் எடுத்தவுடன், முடிவு வரும்வரை காத்திருக்காமலே நாளத்தின் வழியாக மருந்தைத் தொடங்குவார்கள். பல சந்தர்ப்பங்களில் குழாயை அகற்ற அல்லது மாற்ற வேண்டியிருக்கும். "இவ்வளவு பாடுபட்டுப் போட்ட குழாயைக் கழற்றப் போகிறார்களே" என்று தடுத்து நிற்காதீர்கள். பாசி படிந்த குழாயை உள்ளே வைத்துக்கொண்டு மருந்து மட்டும் ஏற்றுவது பல நேரம் பயன் தராது. மருந்து இரண்டு, மூன்று வாரங்களுக்குத் தொடரும். கிருமி இதய வால்விலோ எலும்பிலோ பற்றியிருந்தால் ஆறு வாரம் வரையும், சில வேளை அதற்கு மேலும் போகும். காய்ச்சல் விட்டுவிட்டது என்பதற்காக இடையில் நிறுத்தக் கூடாது. சில மருந்துகளை டயலிசிஸ் முடிவில்தான் ஏற்றுவார்கள். ஆகையால் ஒரு நாள் டயலிசிஸ் தவறினால் மருந்தும் தவறிவிடும்.

வீட்டில் பேண வேண்டியவை

குழாயின் மேலுள்ள மருந்துக்கட்டு எப்போதும் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். நமது நாட்டின் புழுக்கத்தில் வியர்வையே அதை நனைத்துவிடும். நனைந்தாலோ, விளிம்பு கழன்றாலோ அடுத்த டயலிசிஸ் நாள்வரை விட்டுவைக்காமல், அந்தப் பிரிவுக்குத் தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வீட்டில் எப்படி மாற்றுவது என்பதைத் தாதியிடம் முன்கூட்டியே செய்து காட்டச் சொல்லிக் கற்றுவையுங்கள்.

கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிப்பதும், ஷவரின் கீழ் நிற்பதும், ஆற்றில், கடலில் இறங்குவதும் இவர்களுக்கு ஆகாது. இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக் கழுவி, மேலுடம்பை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். தலை கழுவ வேண்டுமென்றால், தலையைப் பின்னே சாய்த்து, கழுத்தைத் துவாயால் மறைத்து இன்னொருவர் கழுவிவிட வேண்டும்.

வுளூச் செய்யும்போது முகத்திலிருந்து நீர் வழிந்து கழுத்துக்கு இறங்கும். ஆகவே ஒரு சிறு துவாயைக் கழுத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு, குறைந்த நீரில் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். கடமையான குளிப்பைப் பற்றிப் பல சகோதரிகள் தயங்குகிறார்கள், கேட்கவும் வெட்கப்படுகிறார்கள். காயத்தில் தண்ணீர் படக் கூடாதவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. எப்படிச் செய்வதென்பதை நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மன உறுத்தலால் குழாயை நனைத்துவிடாதீர்கள்.

முந்தானையும் ஸ்கார்ஃபும் குழாயில் உரசாமல் தளர்வாக இருக்கட்டும். ஊசியைக் குழாய் உள்ள பக்கத்தில் குத்தவே கூடாது. பருத்தித் துணி நல்லது. தினமும் துவைத்ததையே அணிவியுங்கள். தலைக்கு வைக்கும் எண்ணெய் கழுத்தில் வழியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் துவாரத்தில் மஞ்சள், பவுடர், மருந்தெண்ணெய் எதுவும் பூச வேண்டாம். ஓதிய தண்ணீரோ எண்ணெயோ கொண்டுவந்து தரும் உறவினர் உங்கள் நலன் நாடித்தான் தருகிறார்கள். அதைக் கையிலோ காலிலோ தடவிக்கொள்ளலாம், குழாய் உள்ள இடத்தில் வேண்டாம்.

குழாயின் மூடியையும் கவ்வியையும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. திறந்தால் இரத்தம் பெருகலாம், காற்று உள்ளே போய் உயிருக்கே ஆபத்தாகலாம். பேரப்பிள்ளைகள் மடியில் ஏறி இழுத்துவிடாமல் கவனியுங்கள். தப்பித்தவறிக் குழாய் கழன்று வெளியே வந்துவிட்டால், நோயாளியைப் படுக்க வைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். கழன்று வந்த குழாயைத் திரும்ப உள்ளே தள்ள முயலாதீர்கள்.

நோயாளியைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது வீட்டிலுள்ள அனைவருக்கும் பழக்கமாகட்டும். சுகம் விசாரிக்க வருவது நல்ல காரியம்தான். ஆனால் தடிமன், இருமல் உள்ளவர்கள் வாசலில் நின்றே ஸலாம் சொல்லிவிட்டுப் போகலாம்.

வைத்தியசாலையில்

டயலிசிஸ் பிரிவில் குழாயை இணைக்கும்போதும் கழற்றும்போதும் தாதியும் நோயாளியும் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும். நோயாளி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வது நல்லது. தாதி கை கழுவிக் கையுறை அணிந்து, மூடியையும் குழாயின் வாயையும் கிருமிநாசினியால் நன்றாகத் தேய்த்துத் துடைத்த பின்பே இணைப்பார். வேலை நெருக்கடியில் ஏதாவது விடுபட்டால், "மிஸ், மாஸ்க் போடட்டுமா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல தாதி அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்தக் குழாய் டயலிசிசுக்கு மட்டுமே உரியது. வேறு வார்டில் சேர்ந்திருக்கும்போது இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ யாராவது அதைத் திறக்கப் போனால், "டயலிசிஸ் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்" என்று சொல்லுங்கள்.

சிறந்த காவல் எது?

இத்தனை காவலையும்விடப் பெரிய காவல், முடிந்தால் குழாயே இல்லாமலிருப்பதுதான்.

நம் நாட்டில் பலர் டயலிசிசைக் கழுத்துக் குழாயோடுதான் தொடங்குகிறார்கள். மூச்சு முட்டி, உடல் வீங்கி அவசரமாக ஆஸ்பத்திரிக்கு வரும்போது வேறு வழியில்லை. ஆனால் சீனியும் பிரஷரும் சிறுநீரகத்தைக் கெடுக்க வருடக்கணக்கில் எடுக்கின்றன. வடமத்திய மாகாணத்தில் 1990களில் வெளிச்சத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயும் அப்படியே மெல்ல மெல்லத்தான் முற்றுகிறது. அந்த நோயாளிகளின் தேவை எவ்வளவு பெரிதென்றால், 2021இல் பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே ஒரு தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டது. மெல்ல முற்றும் நோயில் ஆயத்தமாவதற்கு அவகாசம் உண்டு. கிளினிக்கில் வைத்தியர் "டயலிசிஸ் தேவைப்படலாம், கையில் பிஸ்டியூலா போட்டுக்கொள்வோம்" என்று சொல்வது அந்த அவகாசத்தில்தான்.

அப்போது நாம் என்ன செய்கிறோம்? "இப்ப நல்லாத்தானே இருக்கிறா, ஏன் கையை வெட்டணும்?" என்கிறோம். "அது போட்டா டயலிசிஸ் நிச்சயம் என்று ஆகிவிடுமே" என்று பயப்படுகிறோம். கை புடைத்து அசிங்கமாக இருக்கும், வளையல் போட முடியாது என்று சில சகோதரிகள் பின்வாங்குகிறார்கள். மாதங்கள் கடந்து, ஒருநாள் அவசரத்தில் கழுத்தில் குழாய் ஏறிவிடுகிறது. பிஸ்டியூலா பக்குவமாக ஆறு முதல் எட்டு வாரங்களோ, சிலருக்கு இன்னும் கூடவோ எடுக்கும். ஆகவே முன்கூட்டியே செய்தால்தான் பயன். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, அதிகம் பாவிக்காத கையில் போடுவார்கள். அது போட்டதால் டயலிசிஸ் சீக்கிரம் வந்துவிடாது.

சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டதென்று தெரிந்த நாளிலிருந்தே கை நாளங்களைச் சேமித்து வையுங்கள். அதிகம் பாவிக்காத கையின் முழங்கைக்குக் கீழும் மேலும் இரத்தம் எடுக்கவோ கெனுலா போடவோ விடாமல், புறங்கையில் குத்தும்படி கேளுங்கள். பிஸ்டியூலா போட்ட பின் அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது. பாரம் தூக்கவோ, இறுக்கமான வளையல், கைக்கடிகாரம் அணியவோ, அதன்மேல் தலை வைத்துத் தூங்கவோ கூடாது. தினமும் காலையில் விரலை வைத்துப் பார்த்தால் பூனை குறுகுறுப்பது போன்ற ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஏற்கெனவே குழாயோடு இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். அடுத்த முறை போகும்போது வைத்தியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "டொக்டர், இந்தக் குழாயை எப்போது எடுக்கலாம்? கையில் பிஸ்டியூலா போட முடியுமா?" சிலருக்கு நாளங்கள் இடம் கொடுக்காமல் குழாயே கதியாகலாம். அவர்களும் மேலே சொன்னவற்றைப் பேணினால் நீண்ட நாட்கள் நலமாக இருக்க முடியும்.

அந்த மருமகளின் கேள்விக்குச் சில நாட்கள் கழித்துப் பதில் சொன்னேன். ஆயுள் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, அதை நான் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளி இரவே போயிருந்தால் வைத்தியர்களுக்கு மூன்றரை நாட்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும், கிருமி இதயத்தில் பற்றுமுன் மருந்து போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பிருந்தது என்றேன். "உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அது உன் குற்றமல்ல" என்றும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மத்தவங்களுக்காவது சொல்லுங்க ராத்தா" என்றாள்.

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீதியில் கழுத்தில் குழாயோடு ஒரு தாய் இருந்தால், அவரைப் பார்க்கும் மகளிடமோ மருமகளிடமோ இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லை என்றால், கழுத்தில் குழாய் இருப்பவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.